கழுத்தை இறக்கித் தைக்கும் முன்னே...



தலைப்பைப் பார்த்துவிட்டு, "இதுவும் ஒரு தையல் குறிப்பு" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நான் எழுத வந்தது ரவிக்கையைப் பற்றி அல்ல. ரவிக்கைக்கு உள்ளே போடுவதைப் பற்றி. ஆண்களும் பிள்ளைகளும் படிக்கும் குடும்பப் பத்திரிகையில் இதை எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். எழுதத்தான் வேண்டும் என்பது என் கட்சி. குடும்பத்தில் பாதிப் பேர் தினமும் உடுத்துவதைப் பற்றி ஒரு வரிகூட வரக்கூடாது என்றால், அது என்ன குடும்பப் பத்திரிகை?

ஈப்போவில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ரவிக்கை தைத்துப் பிழைப்பவள் நான். பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். இப்போது அங்கே ரப்பரும் இல்லை, லயமும் இல்லை, செம்பனைதான் நிற்கிறது. அந்த லயத்து மக்கள் புந்தோங், சிலிபின், செம்மோர் என்று சிதறிப் போனார்கள். என் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு இறங்கி வந்தவர்களின் மகள்களும் பேத்திகளும்தாம்.

வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? "அக்கா, முன்கழுத்த இன்னும் ரெண்டு இஞ்சு இறக்குங்க. பின்னால நல்லா ஆழமா, நாடா வச்சு, குஞ்சம் தொங்கணும்." சரி, தைத்துவிடலாம். "உள்ளே என்ன போடப் போறீங்க?" என்று கேட்பேன். உடனே பேச்சு நின்றுவிடும். வாசல் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு பார்வை. பிறகு மெல்ல, "ஏதோ ஒண்ணு இருக்குக்கா" என்பார்கள்.

அந்த "ஏதோ ஒண்ணு"தான் காரியத்தைக் கெடுக்கிறது. சேலைக்கு நூற்றுக்கணக்கான வெள்ளி, பூவேலைக்கு ஒரு பங்கு, முடி அலங்காரத்துக்கு ஒரு பங்கு. ஆனால் அத்தனையையும் தாங்கி நிற்கப் போகிற ஒன்றை மட்டும் பசார் மாலாமில், உறையைப் பிரித்துப் பார்க்காமலே, கூச்சத்தோடு பைக்குள் போட்டுக்கொண்டு வருகிறோம். விருந்துக்குப் போனால் மூன்று மணி நேரமும் தோளை இழுத்து விடுவதும், முந்தானையைச் சரி செய்வதுமே வேலையாகிவிடுகிறது. வயிறாரச் சாப்பிடுவதற்குக்கூட மனம் ஒட்டுவதில்லை.

இறங்கிய கழுத்துக்காகப் பிறந்தது

எங்கள் தோட்டத்தில் இதற்குப் "பாடி" என்று பெயர். மலாய்க்காரர்கள் "சோலி" என்பார்கள். அது வட இந்தியாவின் "சோளி" கப்பலேறி வந்த சொல். "பிரா" என்பது பிரெஞ்சுக்காரர்களின் நீளமான ஒரு சொல்லின் தலைப்பகுதி. நம் பழைய இலக்கியங்களில் "கச்சு" என்றார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

நாம் இன்று போடும் பாடி எப்படி வந்தது என்ற கதை வேடிக்கையானது. 1910-ஆம் ஆண்டு வாக்கில் நியூயார்க் நகரில் மேரி பெல்ப்ஸ் ஜேக்கப் என்ற 19 வயதுப் பெண் ஒரு நடன விருந்துக்குப் புறப்பட்டார். அந்தக் காலத்து மேனாட்டுப் பெண்கள் திமிங்கில எலும்புக் குச்சிகள் செருகிய இறுக்கமான கச்சையை உடம்பில் கட்டுவார்கள். அவர் போட்ட மாலை உடுப்புக்கோ கழுத்து இறக்கம். குச்சி வெளியே எட்டிப் பார்த்தது. பார்த்தார் அவர். வேலைக்காரப் பெண்ணை அழைத்து, இரண்டு பட்டுக் கைக்குட்டைகளையும் கொஞ்சம் ரிப்பனையும் சேர்த்துத் தைத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார்! 1914 நவம்பர் 3-ஆம் தேதி அதற்கு அமெரிக்காவில் காப்புரிமையும் கிடைத்தது. பிறகு அந்த உரிமையை ஒரு கச்சைக் கம்பெனிக்கு 1,500 டாலருக்கு விற்றுவிட்டார். அதற்கு முன்பே, 1889-இல், பிரான்சு நாட்டின் எர்மினி கடோல் என்ற அம்மையார் நீளக் கச்சையை இரண்டாக வெட்டி, மேல்பாதியைத் தோள்பட்டையில் தொங்கும்படி செய்திருந்தார்.

ஆகவே, இறங்கிய கழுத்துக்கு உள்ளே என்ன போடுவது என்ற கேள்வி புந்தோங்கில் நேற்றுப் பிறந்ததல்ல. நூறு ஆண்டு கடந்த கேள்வி அது.

நாம் சீவிய பாலும் அதில் உண்டு

இன்னொரு சங்கதி சொல்கிறேன். 1877-இல் இந்தப் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் ஹியூ லோ என்ற வெள்ளைக்கார அதிகாரி ரப்பர் நாற்றுகள் ஒன்பதை நட்டார். அவற்றில் மிஞ்சியது என்று ஒரு முதிய மரத்தை இன்றும் காட்டுகிறார்கள். அதன் பின்னால் எழும்பிய தோட்டங்களில்தான் நம் பாட்டிமார் விடியுமுன் பிரட்டுக்குப் போய் நின்றார்கள், மரம் சீவினார்கள், ஒட்டுப்பால் பொறுக்கினார்கள்.

அவர்கள் சீவிய பால் வண்டிச் சக்கரத்துக்கு மட்டும் போகவில்லை. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் பாலிலிருந்து மெல்லிய நூல் இழுத்து, அதன்மேல் பருத்தியோ பட்டோ சுற்றி, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் துணி நெய்யக் கற்றுக்கொண்டார்கள். பாடிக்கும் இடுப்புக் கச்சைக்கும் அது பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. பின்னாளில் மலேசியாவே ரப்பர் நூல் செய்து ஏற்றுமதி செய்தது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க நூல் உற்பத்தியாளர்கள், "மலேசிய நூல் மலிவாக வந்து எங்களைக் கெடுக்கிறது" என்று வழக்காடும் அளவுக்கு அந்தத் தொழில் இங்கே வளர்ந்திருந்தது. 1958-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்த ஸ்பாண்டெக்ஸ் என்னும் செயற்கை இழை இப்போது பல இடங்களில் ரப்பருக்குப் பதிலாக வந்துவிட்டது உண்மை. ஆனாலும் நாடாக்களில் ரப்பர் நூல் இன்னும் உண்டு.

நம் பாட்டி சீவிய பால் கடல் கடந்து போய், சீமைப் பெண்ணின் மார்பைத் தாங்கியது. நம் பாட்டியோ, கிழிந்த நீளக்கைச் சட்டையும் கைலியுமாக, தாங்க ஒன்றும் இல்லாமல் மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தாள். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: நல்ல பாடி என்பது பணக்காரிக்கு உரிய ஆடம்பரம் அல்ல. உழைக்கும் பெண்ணுக்குத்தான் அது முதலில் வேண்டும்.

காண்டாக் கம்பும் இடுப்புக் குழந்தையும்

என் அம்மா தோளில் காண்டாக் கம்பைப் போட்டு, இரு பக்கமும் பால் வாளி தொங்க, ஸ்டோர் வரைக்கும் நடப்பார். தோளில் மடித்த துணி வைத்திருந்தும் காய்த்துப்போய், தொட்டால் மரப்பட்டை மாதிரி இருக்கும். அதே அம்மா என் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அரை நாள் நிற்பார். வலி என்று சொன்னதில்லை. ஏன்? பாரம் தோளின் ஒரு புள்ளியில் விழுந்தால் வெட்டும். அகலமான இடத்தில் உட்கார்ந்தால் தாங்கும்.

பாடியின் இரகசியமும் இவ்வளவுதான். பாரத்தில் பெரும்பங்கைத் தாங்க வேண்டியது மார்புக்குக் கீழே உடம்பைச் சுற்றி வரும் அடிப்பட்டை. தோள்பட்டைக்கு, கப் விலகாமல் பிடித்துக்கொள்வதுதான் வேலை. நம்மில் பலர் அடிப்பட்டையைத் தளர்வாக வாங்கிவிட்டு, அந்தக் குறைக்குத் தோள்பட்டையை இழுத்து இழுத்து முடுக்குகிறோம். தோளில் பள்ளம் விழுகிறது, கழுத்து வலிக்கிறது, முதுகுப்புறம் பட்டை மேலே ஏறிக்கொள்கிறது. பின்பட்டை மேலே ஏறினால் முன்பக்கம் கீழே இறங்கும். இது கிணற்றுக் கயிற்றுக் கணக்கு.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். பாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தோள்பட்டைகளையும் கழற்றி விடுங்கள். கப் கொஞ்சம் தளரலாம். ஆனால் அடிப்பட்டை இருந்த இடத்தில் நிற்க வேண்டும். கீழே வழிந்தால் அது உங்கள் அளவு அல்ல.

அளவு எடுப்பது எப்படி?

"34 சைஸ் என்றால் மார்பு 34 அங்குலம்" என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பாடிகளில் அப்படி இல்லை. உறையின் மேல் சென்டிமீட்டர் எண்ணும் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். 70, 75, 80, 85, 90 என்று வரும். அதுதான் மார்புக்குக் கீழே உள்ள சுற்றளவு. பழைய எண்ணில் 70 என்பது 32. 75 என்பது 34. 80 என்பது 36. 85 என்பது 38. 90 என்பது 40.

தையல் டேப் ஒன்று போதும். பஞ்சு வைக்காத சாதாரண பாடியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். மூச்சை வெளியே விட்டு, மார்புக்கு நேர் கீழே டேப்பை இறுக்கமாகச் சுற்றுங்கள். முதுகில் டேப் சாயாமல் இருக்க மகளையோ தங்கையையோ பார்க்கச் சொல்லுங்கள். இது கீழ்ச்சுற்று. அடுத்து, மார்பின் எடுப்பான இடத்தில் டேப்பை இறுக்காமல் சுற்றுங்கள். கனத்த உடம்பு உள்ளவர்கள் சற்று முன்னால் குனிந்து அளப்பது நல்லது. இது மேல்சுற்று.

மேலதிலிருந்து கீழதைக் கழியுங்கள். வித்தியாசம் 10 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் ஏ கப், 12.5 என்றால் பி; 15 என்றால் சி; 17.5 என்றால் டி. கீழ்ச்சுற்று 80, மேல்சுற்று 95 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 15. உங்களுக்கு வேண்டியது 80 சி, அதாவது 36 சி. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஆகையால் இந்தக் கணக்கைக் கடைக்குப் போக வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, முடிவைப் போட்டுப் பார்த்துச் செய்யுங்கள்.

இங்கே ஒரு சூட்சுமம். 80 சி-யின் கப்பும் 85 பி-யின் கப்பும் கொள்ளளவில் ஏறக்குறைய ஒன்றே. கப் போதவில்லை என்று 80 பி-யிலிருந்து 85 பி-க்குப் போனால், கப் பெரிதாகும். ஆனால் அடிப்பட்டையும் கூடவே தளர்ந்துவிடும். எண்ணை ஏற்றாதீர்கள், எழுத்தை ஏற்றுங்கள். பி போதாவிட்டால் சி கேளுங்கள். "சி, டி எல்லாம் ரொம்பப் பெருசுல்ல?" என்று கூச்சப்பட வேண்டாம். காலணிக்கு ஒன்பதாம் எண் கேட்பதற்கு வெட்கப்படுகிறோமா?

கடையில் போட்டுப் பார்க்கும்போது இந்த ஐந்தையும் கவனியுங்கள். ஒன்று, புதுப் பாடியைக் கடைசிக் கொக்கியில் மாட்டினாலே பொருந்த வேண்டும். நாளாக ஆக இழுவை தளரும், அப்போது உள்கொக்கிக்குப் போகலாம். இரண்டு, பின்பட்டை தரைக்கு இணையாக நிற்க வேண்டும். அதற்குள் இரண்டு விரல் நுழையலாம், கை நுழையக்கூடாது. மூன்று, கம்பி வைத்த பாடி என்றால் நடுப்பகுதி நெஞ்செலும்பில் ஒட்டி நிற்க வேண்டும். கம்பி சதையின்மேல் ஏறி உட்காரக்கூடாது. நான்கு, மேல்விளிம்பில் சதை பிதுங்கினால் கப் சிறிது. துணி சுருங்கினால் கப் பெரிது. ஐந்து, கையைத் தூக்குங்கள், குனியுங்கள், குழந்தையைத் தூக்குவது போலச் செய்யுங்கள். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தால் காசைக் கொடுங்கள்.

எந்தக் கழுத்துக்கு எந்தப் பாடி?

முன்கழுத்து நடுவில் கூராக இறங்குகிறதா? அதற்கு, இரு கப்பும் சேரும் நடுப்பகுதி தாழ்வாக இருக்கும் பாடி வேண்டும். கடைக்காரர்கள் "பிளஞ்ச்" என்பார்கள். கனத்த மார்பு உள்ளவர்கள் அதிலேயே பக்கவாட்டுத் துணி அகலமாகவும் பின்னால் மூன்று கொக்கி வரிசையும் உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

சதுரக் கழுத்தா, தோள்வரை அகலமாக வெட்டியதா? அதற்குத் தோள்பட்டை ஓரமாக ஒதுங்கி, கப்பின் மேல்விளிம்பு நேர்கோடாக இருக்கும் பாடி பொருந்தும். "பால்கனி" என்று கேட்டால் கொடுப்பார்கள். ரவிக்கையின் தோள் உட்புறத்தில் ஒரு சிறு நாடாவும் அமுக்குப் பொத்தானும் வைத்துத் தரச் சொல்லுங்கள். பாடியின் பட்டையை அதற்குள் விட்டு மாட்டிக்கொண்டால் வெளியே எட்டிப் பார்க்காது. ஊக்குக் குத்தி இரத்தம் வரவழைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

பின்கழுத்து ஆழமாக வேண்டுமா? இங்கேதான் நான் எல்லோருடனும் வாதாடுவேன். பாரத்தைத் தாங்குவது பின்பட்டை என்று மேலே சொன்னேன். பின்கழுத்தை அந்தப் பட்டைக்குக் கீழே இறக்கினால் தாங்குகிறதையே வெட்டி எறிந்ததாகும். அளவாக உள்ளவர்களுக்குக் கப்பை ரவிக்கையிலேயே வைத்துத் தைத்துவிடலாம். கனமாக உள்ளவர்களுக்கு அது போதாது. கப் வடிவம் கொடுக்கும், தூக்கிப் பிடிக்காது. அவர்களுக்கு என் யோசனை: பாடியைப் போட்டுக்கொண்டு, பின்கழுத்து எலும்பிலிருந்து பட்டையின் மேல்விளிம்பு வரை அளந்து பாருங்கள். அதற்கு அரை அங்குலம் மேலே கழுத்தை நிறுத்துங்கள். அதுவே போதுமான ஆழம்தான். நாடாவும் கட்டலாம், குஞ்சமும் தொங்கலாம்!

ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் கப் இப்போது எங்கும் விற்கிறது. நம் ஊர் வெப்பத்தில், கல்யாண மண்டபத்துக் கூட்டத்தில், வேர்வை கண்டால் அது வழுக்கும். சிலருக்குத் தோல் தடிக்கும். கனமான மார்பை அது தாங்காது.

நிறத்தையும் சொல்லிவிடுகிறேன். மெல்லிய வெளிர்நிறத் துணிக்கு உள்ளே வெள்ளைப் பாடி பளிச்சென்று தெரியும். "ஸ்கின் கலர்" என்று கடையில் கொடுப்பது பெரும்பாலும் சீனப் பெண்களின் நிறம். நம் கையோடு ஒட்டி வைத்துப் பார்த்து, நம் மாநிறத்துக்குப் பொருந்தும் பழுப்பைத் தேடி வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ரவிக்கைக்கு அளவு கொடுக்க வரும்போது, விசேஷத்தன்று போடப்போகும் பாடியையே போட்டுக்கொண்டு வாருங்கள். பாடி மாறினால் மார்பின் உயரமும் சுற்றும் மாறும். முதலில் பாடி, பிறகு அளவு, அதன் பிறகு கழுத்து.

துண்டுக்கு அடியில் காய்வது

நம் வீட்டுக் கொடியில் எல்லாம் காயும். பாடி மட்டும் துண்டுக்கு அடியில், கைலிக்கு உள்ளே, யார் கண்ணிலும் படாமல் காயும். காயுமா? ஈரம் போகாமல் வாடை அடிக்கும். அதையே மறுநாள் போடுகிறோம். மார்புக்கு அடியில் அரிப்பும் சிவப்புத் தடிப்பும் பாதி இதனால்தான். காற்றோட்டமான நிழலில் வெளிப்படையாகக் காயப் போடுங்கள். கொதிக்கும் வெயில் கூடாது. ரப்பர் ஷீட்டை வெயிலில் விட்டால் பிசுபிசுத்துப் போவதைத் தோட்டத்தில் இருந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். இழுநாடாவுக்கும் அதே கதிதான். எண்ணெயும் ரப்பருக்குப் பகை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் நல்ல பாடியைப் போடாதீர்கள். கையால் அலசுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். ஒரே பாடியைத் தினமும் போடாமல் மூன்றை மாற்றி மாற்றிப் போட்டால் மூன்றும் நீடித்து உழைக்கும்.

பால் கொடுக்கும் தாய்மார் கம்பி வைத்ததையும் இறுக்கமானதையும் தவிர்க்க வேண்டும், பால் கட்டிக்கொள்ளும். "பாடி போட்டால் புற்றுநோய் வரும்" என்று ஒரு பேச்சு உலவுகிறது. அமெரிக்காவில் சியாட்டல் நகரத்துப் புற்றுநோய் ஆய்வு நிலையம் ஒன்று 1,500 பெண்களுக்கு மேல் விசாரித்து, அப்படி ஒரு தொடர்பும் இல்லை என்று 2014-இல் வெளியிட்டது. பயம் வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. துணியை மறைத்துப் பழகியவர்கள் கட்டியையும் மறைக்கிறார்கள். நம் நாட்டில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்புப் புற்றுநோய்தான் முதலிடம். 2012 முதல் 2016 வரையிலான தேசியப் பதிவேட்டைப் பார்த்தால், ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் முற்றிய பிறகே தெரிய வந்திருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு அம்மாள் மகள் கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்க வந்தார். பழைய தளர்ந்த பாடி. டேப்பை வைத்தபோது இடப்பக்கம் உடம்பை ஒடுக்கிக்கொண்டார். "வலிக்குதாம்மா?" என்றேன். "வலி இல்ல, ஒரு கொட்டை மாதிரி இருக்கு. கல்யாணம் முடியட்டும்னு பாக்கறேன்" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டால், எட்டு மாதமாக! புருஷனுக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. "ரவிக்கை நாளைக்கும் தைக்கலாம். முதல்ல கிளினிக்குக்குப் போங்க" என்று மகளைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினேன். ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். மகள் கல்யாணமும் நடந்தது. இன்று பேரனைத் தூக்கிக்கொண்டு அவர் என் கடைக்கு வருகிறார். அவருடைய பாடியின் உள்ளே ஒரு மெல்லிய பருத்திப் பை வைத்துத் தைத்து, பஞ்சும், மறுபக்கத்து எடைக்குச் சமமாகச் சிறு மணிகளும் நிரப்பித் தருகிறேன். எடை சமமாக இல்லாவிட்டால் தோள் ஒரு பக்கம் சாயும். என் தொழிலில் நான் பெருமைப்படுகிற வேலை அதுதான்.

மாதம் ஒரு முறை குளிக்கும்போது, சோப்பு நுரைக் கையால் உங்கள் மார்பை நீங்களே தடவிப் பாருங்கள். கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், இரத்தம் அல்லது நீர் கசிதல், இவற்றில் எது தென்பட்டாலும் கிளினிக் மிஸியிடம் சொல்லுங்கள். கட்டி எல்லாம் புற்றுநோய் அல்ல. ஆனால் எது என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். பக்கத்து வீட்டுக்காரி அல்ல.

யார் தீர்மானிப்பது?

"கழுத்தை இறக்குவதே தப்பு, அதற்கு நீ வேறு வழி சொல்லிக் கொடுக்கிறாயா?" என்று சில பெரியவர்கள் என்மேல் கோபப்படலாம். அவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுகிறேன். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் அரசில் இருந்தது. அங்கே நாடார் குலத்துப் பெண்களும் மற்ற ஒடுக்கப்பட்ட பெண்களும் மேலாடை போட்டு மார்பை மறைக்கக்கூடாது என்று கட்டுப்பாடு! மீறியவர்களின் துணி சந்தையிலும் தெருவிலும் கிழிக்கப்பட்டது. 1822-இலிருந்து விட்டுவிட்டு நடந்த அந்தப் போராட்டத்தின் முடிவில், 1859 ஜூலை 26-ஆம் தேதி அந்தப் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அரச அறிக்கை வந்தது. அப்போதும், உயர்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்று ஒரு வால் ஒட்டியிருந்தது.

அன்று "மூடாதே" என்றார்கள். இன்று "மூடு" என்கிறார்கள். அன்றைய கொடுமையும் இன்றைய கோபமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் உடம்புக்கு உரியவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எத்தனை அங்குலம் இறக்குவது என்று சொல்ல வேண்டியவள் அதைப் போடப்போகிறவள். இறக்கினாலும் சரி, ஏற்றினாலும் சரி, நிமிர்ந்து நடக்கும்படி அது இருக்க வேண்டும். அதைப் பார்ப்பது என் பொறுப்பு.

சென்ற தீபாவளிக்கு என் தங்கை மகள் இப்படித்தான் கழுத்து இறக்கம் கேட்டாள். தங்கை முகத்தைச் சுளித்தாள். மூலையில் உட்கார்ந்திருந்த தங்கையின் மாமியாருக்கு எண்பது வயது. நாற்பது வருடம் மரம் சீவிய கை. எல்லோரும் அவர் திட்டப்போகிறார் என்று காத்திருந்தோம். பேத்தியை அருகே அழைத்து, வாங்கி வந்த புதுப் பாடியைக் கையில் எடுத்து, அடிப்பட்டையை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்தார்.

"இது பால் நூலா?" என்றார்.

"இருக்கலாம் பாட்டி" என்றாள் அவள்.

"எங்க காலத்துல இதெல்லாம் துரை பொண்டாட்டி கொடியிலதான் தொங்கும். நாங்க துணிய இறுக்கிக் கட்டிக்கிட்டு ஓடுவோம். மத்தியானத்துல மூச்சு முட்டும்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, என் வயசுக்கும் கிடைக்குமா? கம்பி வேணாம். முன்னால கொக்கி வச்சு. கை பின்னால போகமாட்டேங்குது" என்றார்.

கிடைக்கும் சகோதரிகளே! முன்கொக்கி வைத்த பருத்திப் பாடி, கம்பியில்லாமல், அகலப் பட்டையோடு ஈப்போக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. மறுநாளே இரண்டு வாங்கிக் கொடுத்தோம்.

உங்கள் வீட்டிலும் கேட்கத் தெரியாமல், கேட்கக் கூசி, இப்படி ஒருவர் இருக்கக்கூடும். மகளுக்குப் பதின்மூன்று வயதாகியும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத தாய்மாரும் இருக்கக்கூடும். தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுங்கள். முதலில் உங்களை அளந்துகொள்ளுங்கள், பிறகு மகளை, பிறகு மாமியாரை. ஒரு தாளில் எண்ணையும் எழுத்தையும் குறித்துப் பர்சுக்குள் வையுங்கள். அடுத்த சம்பளத்தில், சேலைக்கு முன்னால் அதை வாங்குங்கள்.